நம்மவர் நூல்களும் நமது கடமையும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, நம் கல்லூரியிற் கற்பித்த ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றிய நினைவுகளையே அவர்கள் எதிர்பார்த்தனர் என்பதை நான் அறிவேன். அத்தகைய கட்டுரைகள் இம் மலரில் வேறு பல இருக்கும். அவற்றை என்னிலும் நன்றாக எழுதக்கூடியவர்களும் நம்முள் இருக்கின்றனர். நான் எழுத எடுத்துக்கொண்ட விடயமோ குண்டசாலையில் என் வீட்டு முன்னறையில் ஒரு காகிதப் பெட்டியினுள் இருக்கின்றது.

அப் பெட்டியிற் பதினெட்டுப் புத்தகங்கள் உள்ளன. பதினெட்டும் ஒரே நூலின் பிரதிகள். எழுதியவர் நம் பழைய மாணவர். எனக்கு இரண்டு வகுப்பு இளையவர். மடுல்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்றவர். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, நாடற்றவராய் நின்ற ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவும், மூன்று இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதெனவும் இரு அரசாங்கங்களும் முடிவு செய்தன. அம் மக்களைக் கேட்டுச் செய்த முடிவன்று அது. நம் நண்பர் தாம் கற்பித்த தோட்டத்திலிருந்து அவ்வாறு புறப்பட்டுச் சென்ற குடும்பங்களின் கதையை, எஞ்சியிருந்த உறவினரிடம் கேட்டும், அக்கரையிலிருந்து வந்த கடிதங்களைப் படித்தும் எழுதினார். மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டழைத்த புகையிரதத்திலே தலைமன்னார் வரை சென்று, அங்கிருந்து கப்பலேறியவர்கள் அவர்கள். ஒரு தோட்டம், நாற்பத்தொரு குடும்பங்கள்; அவ்வளவே நூல். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கொடுத்து முந்நூறு பிரதிகள் அச்சிட்டார்.

சென்ற ஆண்டு நம் பழைய மாணவர் சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் விற்கும்படி இருபத்தைந்து பிரதிகளை என்னிடம் ஒப்புவித்தார். விலை தொளாயிரம் ரூபா. நான்கு பிரதிகள் விற்றன. மூன்று பிரதிகளை மூவர், "நம்ம ஆள் எழுதியதுதானே" என்று கூறி, அன்பளிப்பாகவே எடுத்துச் சென்றனர். தடுக்க எனக்கு நா எழவில்லை. அன்றைய மதிய போசனத்திற்கு ஆளொன்றுக்கு அறவிட்ட பணம் அந் நூலின் விலையிலும் அதிகம். அது பற்றி எவரும் முறையிட்டதாக நான் கேள்விப்படவில்லை. எஞ்சிய பதினெட்டைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது நண்பர் கேட்டது இது ஒன்றுதான்: "விக்காட்டிப் பரவாயில்ல அண்ணே, எடுத்துக்கிட்டுப் போனவங்க வாசிச்சாங்களா?" நான் விடை கூறவில்லை. பெட்டியை மீண்டும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

இஃது ஒரு தனி மனிதரின் ஏமாற்றம் எனில் இவ் விழா மலரின் பக்கங்களை இதற்காக நிரப்பியிரேன். இம் மலைநாட்டில் நீதியைப் பேசிய நூல்கள் எவ்வாறு பிறந்தன என்பதை நோக்குவோர்க்கு, இப் பெட்டியின் கதை புதியதன்று எனத் தெரியவரும்.

கண்டிச் சீமையின் தோட்ட வாழ்வைப் பற்றித் தமிழில் அச்சேறிய பழைய நூல்களுள் ஒன்று 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. ஆபிரகாம் ஜோசப் என்னும் தோட்ட உத்தியோகத்தர் பாடிய அந் நூல் 1869 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அச்சிடப்பட்டது. காடு வெட்டுதல் முதலாகக் கோப்பிப் பயிர்ச்செய்கையின் முறைகளை எல்லாம் அது கூறுகின்றது. ஆயினும் அதன் கண், தோட்டத்தை நடத்துவோரின் கண். 1915 ஆம் ஆண்டில் வெல்ஸ் என்னும் ஆங்கிலேயர் 'கூலித் தமிழ்' என்னும் கைநூலை வெளியிட்டார். அது துரைமார் தொழிலாளரை ஏவுவதற்கு வேண்டிய தமிழைக் கற்பிக்கும் நூல். ஒரு மொழியிலே கட்டளையிடுவதற்கு வேண்டியவற்றை மட்டும் பொறுக்கியெடுத்தால் அம் மொழி எவ்வாறு தோன்றும் என அறிய விரும்புவோர் அதனைப் பார்த்தல் வேண்டும். மு. நித்தியானந்தன் 2014 ஆம் ஆண்டில் இவற்றையும் இவை போன்ற பழைய பிரசுரங்களையும் ஆராய்ந்து, அதே பெயரை இட்டே ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார்.

ஆக, நம் மக்கள் அச்சில் முதன்முதலாய்த் தோன்றியது ஏவப்படுவோராய். அந் நிலையை மாற்றியவர் கோ. நடேசய்யர். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த அவர், 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' முதலிய பத்திரிகைகளை நடத்தினார். 1931 ஆம் ஆண்டில் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் அமைத்தார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் உறுப்பினராய் இருந்தார். சட்டமன்றத்திற் பேசிய பலர் நமக்கு உண்டு. அவரைப் போல் எழுதியவர் சிலரே. தொழிலாளியின் உரிமை இன்னது, கங்காணி செய்யத் தகாதது இன்னது எனத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் எழுதிச் சிறுநூல்களாகத் தாமே வெளியிட்டார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டந்தோறும் கூட்டங்களிற் பாடினார். அப் பாடல்களை 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பெயரில் 1940 ஆம் ஆண்டில் அச்சிட்டும் வழங்கினார். அக்காலத்துப் பாட்டுப் புத்தகம் என்பது நாலைந்து தாள்களை மடித்துத் தைத்தது. பெரிய புத்தகசாலைகள் அதனைப் புத்தகமாகவே மதித்திரா. வாசிக்கத் தெரிந்த ஒருவர் லயத்து வாசலில் இருந்து பாட, பத்துப் பேர் கேட்டனர். அந்த ஒரு பிரதியின் பெறுமதியை எந்தக் கணக்கிற் சேர்ப்பது?

தோட்டத்தை நம்பிப் பிழைக்கும் அச்சுக்கூடக்காரர் தோட்டக்காரர்க்கு எதிரான நூலை அச்சிடத் தயங்குவார். விளம்பரத்தை நம்பி நடக்கும் பத்திரிகை விளம்பரம் தருவோரைப் பகைக்கத் தயங்கும். இதிற் குற்றம் கூறுவதற்கு அதிகம் இல்லை. வயிறு அவர்களுக்கும் உண்டு. அதனாலேயே, நீதி கேட்கும் நூல் தன் செலவைத் தானே தாங்கவேண்டிய நிலை எங்கும் ஏற்பட்டிருக்கின்றது. இதற்கு இந்தியாவிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். லாகூரில் இயங்கிய ஜாத்-பாத்-தோடக் மண்டலத்தார் 1936 ஆம் ஆண்டில் தம் மாநாட்டிற்குத் தலைமை தாங்க டாக்டர் அம்பேத்கரை அழைத்தனர். அவருடைய தலைமையுரையை முன்கூட்டியே படித்துப் பார்த்தவர்கள், சில பகுதிகளை நீக்கும்படி வேண்டினர். அவர் ஓர் எழுத்தையும் மாற்ற இசையவில்லை. மாநாடே கைவிடப்பட்டது. அவர் அவ்வுரையைத் தம் செலவில் ஆயிரத்து ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் அவை தீர்ந்துபோயின. சாதி ஒழிப்பைப் பற்றிய அந்த நூலைத் தமிழில் வெளியிட்டவர்கள் ஈரோட்டுக் குடி அரசுப் பதிப்பகத்தார். தலைமையுரை நிகழ்ந்திருந்தால் லாகூரில் சில நூறு பேர் கேட்டுக் கலைந்திருப்பர். நான் இங்கு சிறப்பாகக் குறிப்பிட விரும்புவது அவர் அச்சிட்டதை அன்று. அந்த ஆயிரத்து ஐந்நூறு பிரதிகளையும் வாங்கியவர்கள் இருந்தனர் என்பதை.

நம் கண்டி நகருக்கு மீள்வோம். தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947 ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, மறுவருடம் வந்த பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் தம் மக்கள் நாடற்றவராய் ஆனதைக் கண்டவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்திற் பாடிய நெடுங்கவிதையைச் சக்தீ பால ஐயா தமிழாக்கினார். 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் அத் தமிழ் நூல் 1969 ஆம் ஆண்டில் கண்டியிலிருந்தே வெளிவந்தது. 'செய்தி', 'மலைமுரசு' ஆகிய பத்திரிகைகள் நடந்ததும் இந்நகரிலேதான். வெளிநாட்டவர் தலதா மாளிகையைப் பார்க்க வரும் இவ்வூரின் தெருக்களில், நம்மவர் எழுத்து அச்சான இடங்களைச் சுட்டிக்காட்ட இன்று ஒரு பலகைகூட இல்லை. பலகை வேண்டுமென்று நான் கேட்கவும் இல்லை. அந்தப் பிரதிகள் எத்தனை வீடுகளில் எஞ்சியுள்ளன என்றே கேட்கிறேன்.

என். எஸ். எம். இராமையாவின் கதை இன்னும் வருத்தந் தருவது. 1960களின் தொடக்கத்திலேயே சிறந்த சிறுகதையாசிரியர் எனப் பெயர் பெற்ற அவருடைய கதைகள், பத்திரிகைத் தாள்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிதறிக் கிடந்தன. 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற தொகுதி 1980 ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. வெளியிட்டது 'வைகறை' என்னும் சிறு முயற்சி. தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' என்னும் தொகுதியையும், சி. வி.யின் 'வீடற்றவன்' நாவலையும் அக் காலத்திலே நூலாக்கியதும் அதுவே. மூன்று நூல்கள்! இரண்டு மூன்று ஆண்டுகள்! மலையகத்தின் உரைநடை இலக்கியம் என இன்று பல்கலைக்கழகங்களிற் பாடமாய் இருப்பதில் ஒரு பெரும் பகுதி அந்தச் சிறு முயற்சியினாற் பிழைத்தது. நடேசய்யர் 1947 ஆம் ஆண்டில் மறைந்தார். அவரைப் பற்றிய வரலாற்று நூலைத் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தராய் இருந்த சாரல் நாடன் எழுத, அந்தனி ஜீவா நடத்திய மலையக வெளியீட்டகம் கண்டியிலிருந்து வெளியிட்டது 1988 ஆம் ஆண்டில். நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து. பின்னர் 1997 ஆம் ஆண்டில் துரை விஸ்வநாதன் என்னும் வணிகர், துரைவி பதிப்பகம் என ஒன்றை நிறுவி, மலையகச் சிறுகதைகளைப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். நம்முள் வணிகர்க்குக் குறைவில்லை என்பதை இவ்விடத்திற் சொல்லி வைக்கிறேன்.

இவ்வளவும் கூறும்போது நமக்கு இதமாய் இருக்கும். துரைமார் செய்த கொடுமையைப் பேசும் நூலை நாம் மனமுவந்து பாராட்டுவோம், துரைமார் போய்விட்டனர். நம் வீட்டைப் பற்றிப் பேசும் நூல் வரும்போதே நம் பாராட்டு எத்தகையது எனத் தெரியும். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் சாதியைச் சுட்டிக் கூறிய சொல்லாற் படிப்பை விட்டவர் எனத் தாமே எழுதியிருக்கிறார். முடி திருத்தும் நிலையத்தில் இருந்துகொண்டே 1966 ஆம் ஆண்டில் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி, பிரதிகளைத் தாமே கையிற் கொண்டு திரிந்து விற்று, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 ஆம் ஆண்டில் வந்தது. தீண்டாமையைப் பற்றி அதற்கு மேல் ஒளிவு மறைவின்றி எழுதுதல் அரிது. இந்து என்னும் பெயரைத் தாங்கிய கல்லூரி நம்முடையது. இவ்விரு நூலாசிரியர்களின் நூல்களும் நம் கல்லூரி நூல்நிலையத்தில் இருக்க வேண்டுமா என்று ஒரு கூட்டத்தில் நான் கேட்டபோது, "பழைய புண்ணைக் கிளறுவானேன்?" என்றார் ஒரு மூத்த அன்பர். புண் ஆறியதா என்பதை ஆறவேண்டியவனிடம் அல்லவா கேட்கவேண்டும்? லயத்திலும் சாதி இருக்கிறது; பெண்ணின் கூலியைக் கணவன் கையிற் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. இவற்றை எழுதுவோர் நம் நண்பராயினும் நமக்கு உவப்பானவராய் இரார். அவர்களுடைய நூலையும் வாங்குகின்றோமா என்பதே கேள்வி.

இனி நூல் வெளியீட்டு விழாக்களைப் பற்றிச் சில சொல்லவேண்டும். பகை வந்தாலும் வருக. நான் இருக்கும் குண்டசாலை, 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் விரும்பி வாழ்ந்த ஊர். 'குண்டசாலை மன்னன்' என்றே அவனை மக்கள் அழைத்தனர். அத்தகைய மன்னர் காலத்தில் ஏட்டில் எழுதும் புலவனுக்குப் புரவலன் வேண்டும். புரவலன் கோபிக்கும் பாட்டு ஏட்டில் ஏறாது. அச்சு வந்ததும் அந்த நிலை மாறியது. பலர் சிறு தொகை கொடுத்து வாங்கினால், எழுத்தாளன் எந்த ஒருவனுடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. நாமோ போன மன்னனை மீண்டும் மேடையேற்றி வைத்திருக்கின்றோம். முதற்பிரதி பெறும் பிரமுகர் ஒருவர், பொன்னாடை, ஆசியுரை, நூலின் முதல் எட்டுப் பக்கங்களில் வாழ்த்துச் செய்திகளும் படங்களும். தொழிலாளியின் சந்தாப் பணத்தைப் பற்றி வினா எழுப்பும் நூலுக்குத் தொழிற்சங்கத் தலைவரே முதற்பிரதி வாங்க வந்திருந்த ஒரு விழாவில் நானும் இருந்தேன். அவர் கொடுத்த உறையில் அச்சுச் செலவின் பாதி இருந்தது. அந்த எழுத்தாளர் தம் அடுத்த நூலில் அவ்விடயத்தைத் தொடவில்லை. அவரை நான் குறை கூறேன். அந்த மண்டபத்தில் இருந்த இருநூறு பேரும் ஒவ்வொரு பிரதி வாங்கியிருந்தால் உறை தேவைப்பட்டிராது. நான் அன்று வாங்கவில்லை, எனக்கு ஒரு பிரதி இலவசமாகக் கிடைத்தது.

இதற்கு மறுமொழியாகச் சிலர், எல்லாம் இணையத்தில் இருக்கின்றது, வாங்குவானேன் என்பர். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நினைவு மாறாதவர்களே 2005 ஆம் ஆண்டில் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திக் காத்து வருகின்றனர். மலையகத்துப் பழைய பிரசுரங்கள் பலவற்றை நான் படித்ததும் அதன் உதவியினாலேதான். அது பெருந் தொண்டு. ஆயினும் அச்சில் வந்ததை அது காக்கும்; வராததை எவ்வாறு காக்கும்?

வேறு சிலர் விலை அதிகம் என்பர். இதில் உண்மை உண்டு. 2022 ஆம் ஆண்டில் காகிதத் தட்டுப்பாட்டாற் பத்திரிகைகள் அச்சை நிறுத்தியதும், பாடசாலைப் பரீட்சைகள் பின்போடப்பட்டதும் நாம் கண்டவை. அதன் பின் அச்சுச் செலவு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2024 ஆம் ஆண்டு வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாவென அறிவிக்கப்பட்டது. அவளை நோக்கி, உன் ஒரு நாட் கூலியின் பெரும்பகுதியைக் கொடுத்து உன் பாட்டி அக்கரைக்குப் போன கதையை வாங்கு என்று கூற எனக்கு வாய் வராது. நான் கூறுவது நமக்கு. நம்முள் வைத்தியர் உண்டு, கணக்காளர் உண்டு, கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்வோர் உண்டு.

ஆதலின் சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். ஆண்டுதோறும் மலையகத்திலோ வடகிழக்கிலோ தம் செலவில் நூல் வெளியிடும் ஒருவரின் நூலைத் தேர்ந்து, நூறு பிரதிகளை அச்சேறுமுன்பே முழு விலைக்கு வாங்கிக்கொள்வோம். கழிவு கேட்க வேண்டாம். நூலில் நம் படமோ வாழ்த்தோ இடம்பெற வேண்டாம். நம் பெயரையும் போட வேண்டாம். தேர்வு செய்யும் குழுவில் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் இருக்கட்டும். மூத்தோர் சங்கடப்படும் நூலைப் பெரும்பாலும் அவர்களே தேர்வர். ஐம்பது பிரதிகள் நம்மிடையே விற்கப்படட்டும், இலவசமாக அன்று. மற்றவை பன்விலை, மடுல்கலை, ஹேவாஹெட்டைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளின் நூல்நிலையங்களுக்குச் செல்லட்டும். தொளாயிரம் ரூபா நூலானால் மொத்தச் செலவு தொண்ணூறாயிரம். இவ்வாண்டு விழா மண்டபத்தின் பூ அலங்காரத்திற்குச் செலவான தொகையைப் பொருளாளர் நன்கறிவார். நான் அதனை இங்கு எழுதவில்லை.

நண்பர் மற்றொரு நூலை எழுதி முடித்திருக்கின்றார். இம்முறை போகாமல் இங்கேயே நின்றுவிட்ட குடும்பங்களைப் பற்றியது. கையெழுத்துப் பிரதி இப்பொழுது என் மேசையில் இருக்கின்றது, பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். அதில் ஓரிடத்தில் நம் கல்லூரியும் வருகின்றது, நமக்கு அவ்வளவு பெருமை தராத முறையில். அப்பகுதியை நீக்கிவிடலாமா என்று அவர் என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். பெட்டியிலுள்ள பதினெட்டுப் பிரதிகளையும் விழா நாளன்று வாயிலண்டை ஒரு மேசையில் வைத்துக்கொண்டு நானே இருப்பேன். விலை தொளாயிரம் ரூபா. சில்லறை கொண்டுவருவது நலம்.